சின்ன பங்க், ஈமோ பேண்டுகளை எங்கே கண்டுபிடிக்கிறீர்கள்: ஷோவிலா, ரெக்கார்டிலா?

#1 · கீறல்தட்டு

கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம், இங்கே போட்டுவிடுகிறேன். பெரிய பேண்டுகளைப் பற்றிப் பேச எத்தனையோ இடம் இருக்கிறது. நான் கேட்பது, முப்பது பேர் நிற்கும் அறையில் வாசித்துவிட்டு, ஒரு டெமோ (முன்னோட்டப் பதிவு), ஒரு ஏழு இன்ச் (ஏழு அங்குலச் சிறிய இசைத்தட்டு), மிஞ்சிப்போனால் ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோகும் பேண்டுகளைப் பற்றி. வேகமும் கோபமுமான பங்க் ராக்கிலும், அதிலிருந்து கிளைத்த உணர்ச்சிமயமான ஈமோவிலும் பாதிச் சரக்கு அங்கேதான் இருக்கிறது.

ரைட்ஸ் ஆஃப் ஸ்ப்ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈமோ எங்கே தொடங்கியது என்றால் எல்லோரும் கை காட்டுவது இவர்களைத்தான். 1984-ல் வாஷிங்டன் டி.சி.யில் சேர்ந்தார்கள், 1986 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. வாசித்த ஷோக்கள் மிகக் குறைவு. 1985-ல் டிஸ்கார்ட் என்ற லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) போட்ட ஒரு ஆல்பம், பேண்ட் கலைந்த பிறகு வந்த ஒரு ஏழு இன்ச், அவ்வளவுதான். கேப்'ன் ஜாஸும் அப்படித்தான். 1995-ல் ஆல்பம் வந்தது, அதே வருடம் பேண்டும் இல்லாமல் போனது. நம்மில் பெரும்பாலானோர் கேட்டது 1998-ல் ஜேட் ட்ரீ லேபிள் போட்ட தொகுப்பைத்தான். அதற்குள் அந்த ஆட்கள் ப்ராமிஸ் ரிங், ஜோன் ஆஃப் ஆர்க் என்று அடுத்தடுத்த பேண்டுகளுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கொஞ்ச காலத்தில் அவர்களை நேரில் பார்த்தவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ஸ்ட்ரீமிங் செயலி பரிந்துரைப்பதெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டதை வைத்துத்தான். இருநூறு பேர் மட்டும் கேட்ட பேண்ட் அதன் கண்ணில் படுவதே அபூர்வம்.

என் பதில் இது. இந்த பேண்டுகள் ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஷோவில் யாரோடு சேர்ந்து வாசிக்கிறார்கள், தட்டின் உள்தாளில் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு போனால் போதும். பாணியின் பெயரை வைத்துத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆட்களின் பெயரை வைத்துத் தேடுவதில்தான் இருக்கிறது. நீங்கள் எப்படி?

#2 · பின்வரிசை

முதலில் வாசிக்கும் பேண்டைப் பார்க்கப் போங்கள். இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை.

நோட்டீஸில் நான்கு பெயர் இருந்தால் பெரும்பாலானோர் கடைசிப் பெயருக்காக வருகிறார்கள். ஊர் ஊராகச் சுற்றும் பேண்ட் கடைசியிலோ, கடைசிக்கு முந்தியோ வாசிக்கும். முதலில் வாசிப்பது பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள். யார் கேட்டு அவர்களை அந்த வரிசையில் சேர்த்தார்கள்? ஒன்று, ஷோ ஏற்பாடு செய்தவர். இல்லையென்றால், சுற்றுப்பயணம் வந்த பேண்டே 'அவர்களோடு வாசிக்கணும்' என்று கேட்டிருக்கும். இரண்டில் எதுவானாலும், ரசனையுள்ள ஒருவர் தன் பெயரை அடமானம் வைத்துச் செய்த சிபாரிசு அது.

ஒரு ஷோவை மட்டும் சொல்கிறேன். முதல் பேண்ட் தொடங்கும்போது அறையில் பதினைந்து பேர்தான். பேஸ் வாசிப்பவர் மண்டியிட்டு ஒரு பெடலின் ஒயரை அழுத்திப் பிடித்துச் சரி செய்துகொண்டிருந்தார். பாடுகிற பெண் மைக் ஒயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி ட்ரம்ஸைப் பார்த்து நின்றார். இரண்டாவது பாட்டில் கிட்டார் கம்பி அறுந்தது. பக்கத்துச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த, கடைசியாக வாசிக்க வேண்டிய பேண்டின் கிட்டார்க்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். மீதிப் பாட்டு முழுக்க அந்த இரவல் கிட்டாரில்தான். சுருதி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அன்று கேட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

வாசித்து முடித்ததும் அந்தப் பாடகியே மேசைக்கு வந்து ஷூ டப்பாவில் கேசட்டுகளை அடுக்கினார். ஒன்று வாங்கிக்கொண்டு, 'உங்களுக்குப் பிடித்த பேண்டுகள் யார்? உங்களுக்குத் தெரிந்தவர்களாகச் சொல்லுங்கள்' என்று கேட்டேன். அன்றைய பாட்டு வரிசை எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தார். மூன்றுமே இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வராத பெயர்கள். மூன்றையும் இன்றுவரை கேட்கிறேன்.

அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கப் பழக வேண்டும் என்று விரும்புகிறேன். 'உங்களுக்கு யாருடைய பாதிப்பு' என்று கேட்டால் நாமெல்லாம் அறிந்த பெரிய பெயர்கள்தான் வரும். 'உங்களோடு வாசித்ததில் யார் நல்ல பேண்ட்' என்று கேட்டால் வரும் பதிலே வேறு.

#3 · ஏழு_இன்ச்

பின்வரிசை சொன்னதன் மறுபாதி ரெக்கார்டில் இருக்கிறது. என் அனுபவம் முழுக்க அந்தப் பக்கம்தான்.

ஒரு ஏழு இன்ச் எடுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும். ஹார்ட்கோர் பங்க் பேண்டுக்கு அதற்குள் மூன்று பாட்டு. அட்டை பெரும்பாலும் மடித்த ஜெராக்ஸ் தாள். உள்ளே இன்னொரு தாள்: ஒரு பக்கம் பாட்டு வரிகள் பொடி எழுத்தில், மறுபக்கம் யார் பதிவு செய்தார், எங்கே, யார் படம் வரைந்தார், அப்புறம் நன்றிப் பட்டியல். நான் முதலில் படிப்பது அந்த நன்றிப் பட்டியலைத்தான். அதில் பேண்ட் பெயர்களும் வீட்டில் தூங்க இடம் கொடுத்தவர்களும் கலந்து கிடப்பார்கள். வெவ்வேறு ஊர் பேண்டுகளின் மூன்று தட்டுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த பேண்டைத் தேடிவிட வேண்டியதுதான்.

கடைசிப் பாட்டு முடிந்து ஊசி உள்ளே ஓடும் வெற்றுப் பட்டையையும் விளக்கில் சாய்த்துப் பாருங்கள். தட்டு எண்ணுக்குப் பக்கத்தில் கையால் கீறிய ஒரு வரி, ஒரு பெயர் இருக்கும். சில நேரம் முதல் பக்கத்தில் தொடங்கிய வாக்கியம் மறுபக்கத்தில்தான் முடியும்.

ஸ்ப்ளிட் தட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஒரு பேண்ட், மறுபக்கம் இன்னொன்று. அச்சடிக்கும் செலவை இரண்டு பேரும் பாதி பாதி போட்டு, பிரதிகளையும் பாதி பாதி எடுத்துக்கொண்டு, அவரவர் ஷோவில் விற்பார்கள். அதனால் நீங்கள் ஒரு பேண்டுக்காக வாங்கும்போது, பல ஊர் தள்ளியிருக்கும் இன்னொரு பேண்ட் உங்கள் வீட்டுக்குத் தானாக வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த பேண்டுகளில் பெரும்பாலானவை வாங்கிய தட்டின் மறுபக்கத்தில் இருந்தவைதான்.

தட்டைத் தாங்களே போட்டு விவரத்தையும் எழுதி வைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் பஸ்காக்ஸ் பேண்ட் 1977 ஜனவரியில் தாங்களே போட்ட ஏழு இன்ச் காலத்திலிருந்தே இருக்கிறது. கடன் வாங்கிய 500 பவுண்டில் முதலில் ஆயிரம் பிரதி போட்டார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் எடுத்தது, மேலே என்ன சேர்த்துப் பதிந்தது என்றுகூட அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் படிக்கிற எவனுக்கும் 'இது நாமும் செய்யக்கூடிய காரியம்' என்று தோன்றிவிடும்.

#4 · மழைக்குறிப்பு

மேலே மூன்று பேரும் எழுதியதை ஆசையாகப் படித்தேன். ஆனால் மாற்றுக் கருத்து ஒன்று உண்டு.

எல்லோருக்கும் பக்கத்தில் ஷோ நடப்பதில்லை. நடந்தாலும் இரவு தாமதமாகத் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள், சக்கர நாற்காலியோடு படியிறங்கிப் பேஸ்மெண்டுக்குள் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். தட்டு வாங்கினால் தட்டின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த இசை வேண்டாமா?

எனக்கு பேண்ட்கேம்ப்தான் கதவு திறந்துவிட்டது. 2008-ல் வந்த தளம், பேண்டுகளே தங்கள் பாட்டை ஏற்றி விற்கும் இடம். ஆல்பத்தின் பக்கத்தில் கீழே, வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரைச் சொடுக்கினால் அவர் வாங்கிய எல்லாம் தெரியும். நானும் அவரும் ஒரே பத்து ஆல்பம் வாங்கியிருந்தால், அவரிடம் இருக்கிற பதினோராவது எனக்கும் பிடிக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. இதுவும் ஆள் வழியாகப் போகிற பாதைதானே?

டோக்கியோவின் என்வி பேண்டைப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் கத்திப் பாடும் பேண்ட். வார்த்தை ஒன்றும் புரியாமலேயே உலகம் முழுக்க எத்தனை பேர் அவர்கள்மேல் உயிராக இருக்கிறார்கள்! அதில் எத்தனை பேர் அவர்களை நேரில் பார்த்திருப்பார்கள்?

#5 · கீறல்தட்டு

மழைக்குறிப்பு, நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. படியிறங்க முடியாத இடத்தில் ஷோ வைப்பது பற்றி இந்தக் கூட்டம் இன்னும் நிறைய யோசிக்க வேண்டும், அதுவும் உண்மை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பேண்ட்கேம்பிலும் குறிச்சொல்லை வைத்துத் தேடாதீர்கள். 'ஈமோ' என்று போட்டால் கடல் மாதிரி வரும், கரை தெரியாது. ஆல்பத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் விவரத்தைப் படியுங்கள். யார் பதிவு செய்தார் என்று ஒரு வரி இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு உதாரணம். ஜே. ராபின்ஸ் என்று ஒருவர், டி.சி.யின் ஜாபாக்ஸ் பேண்டில் பாடி கிட்டார் வாசித்தவர். ப்ராமிஸ் ரிங்கின் 1997 ஆல்பம், ப்ரெய்டின் 1998 ஆல்பம், ஜெட்ஸ் டு பிரேசிலின் முதல் ஆல்பம் என்று மூன்றுமே அவர் தயாரித்தவை. மூன்றும் வேறு வேறு ஊர், வேறு வேறு குணம். ஆனால் மூன்றிலும் ட்ரம்ஸ் நம் பக்கத்தில் இருந்து அடிப்பது போலவே கேட்கும். தட்டில் அந்தப் பெயரைக் கவனித்தவன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே போய்விடுவான்.

வீட்டிலிருந்தே ஷோ கேட்க டி.சி. பேண்டான ஃபுகாஸி இருக்கிறார்கள். 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷோ வாசித்தார்கள். அதில் எண்ணூறுக்கும் மேலானவற்றை அவர்களுடைய ஒலிப்பதிவாளர்கள் பதிந்து வைத்திருந்தார்கள். 2011-லிருந்து அதையெல்லாம் டிஸ்கார்ட் தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் வந்தார்கள் என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலர், எல்லா வயதினருக்கும் அனுமதி. அதில் அவர்கள் கறாராக இருந்தார்கள். பல ஷோக்களுக்குப் பழைய நோட்டீஸ் படமும் கிடைக்கும். அந்த நோட்டீஸில் கூட வாசித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள், அங்கே தோண்டத் தோண்ட வரும்.

#6 · புது_காது

வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு.

அடுத்த வாரம் முதல் தடவையாக ஒரு சின்ன ஷோவுக்குப் போகப் போகிறேன், தனியாக. வாசிக்கப் போகும் நான்கு பேண்டில் ஒன்றைத்தான் தெரியும். சில சந்தேகங்கள். எங்கே நிற்க வேண்டும்? முன்னால் இடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்கிறார்களே? காணொளிகளில் பார்த்தால் பாடுவது ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, நேரிலும் அப்படித்தானா? எதை வாங்குவது? என்னிடம் தட்டு வாசிக்கும் கருவி இல்லை. பேண்ட் ஆட்களிடம் போய்ப் பேசினால் தொந்தரவாக நினைப்பார்களா?

#7 · ட்ரம்ஸ்காரி

வா தம்பி. நான் ஒரு சின்ன பேண்டில் ட்ரம்ஸ் அடிக்கிறேன். மேடைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் காது. இயர் பிளக் இல்லாமல் போகாதே. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல் என்றால் பதினைந்தே நிமிடம். சின்ன அறையில் என் சிம்பலுக்கு முன்னால் நின்றால் 100 சர்வசாதாரணம். இசைக்காரர்களுக்கென்று செய்யும் பிளக் வாங்கினால் சத்தம் குறையுமே தவிர, பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது மாதிரி ஆகாது. காதில் ஒரு தடவை 'கொய்ங்' என்ற சத்தம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டால் அப்புறம் போகாது. எனக்கு வேண்டியவர்கள் சிலர் அதோடுதான் வாழ்கிறார்கள்.

குரல் ஏன் கேட்பதில்லை? சின்ன இடங்களில் ஸ்பீக்கர் வழியாக வருவது பெரும்பாலும் குரல் மட்டும்தான். கிட்டார் அதன் ஆம்பிலிருந்து (ஒலிபெருக்கியிலிருந்து) நேராக வரும், ட்ரம்ஸுக்கு மைக்கே இருக்காது. முன்வரிசையில் நின்றால் ஆம்பும் ட்ரம்ஸும் உன் முகத்திலேயே அடிக்கும், குரல் தலைக்கு மேலே போய்விடும். அறையின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நில். எல்லாம் ஒன்றுசேர்ந்து கேட்கும் இடம் அது. ஒலி சரிசெய்பவர் நிற்கும் இடத்துக்குப் பக்கம் போனாலும் சரி. முதல் பேண்டை அங்கிருந்து கேள், பிடித்தால் இரண்டாவது பேண்டுக்கு முன்னால் போ. ஆடுகிறவர்கள் ஓரத்தில் நின்றால் உன்னை இழுக்கமாட்டார்கள். யாராவது கீழே விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் தூக்கிவிட வேண்டும், நீயும் தூக்கிவிடு.

எங்களோடு பேசுவது பற்றி. வாசிப்பதற்கு முந்திய பத்து நிமிடமும், முடித்து சாமான்களை இறக்கும் ஐந்து நிமிடமும் மட்டும் விட்டுவிடு. அடுத்த பேண்டுக்கு இடம் காலி செய்யும் அவசரம் அது. அதற்கப்புறம் மேசையில் சும்மாதான் உட்கார்ந்திருப்போம். முதல் ஆளாக வாசித்தவர்களிடம் 'அந்த மூன்றாவது பாட்டு நன்றாக இருந்தது' என்று யாராவது வந்து சொன்னால் அடுத்த மாதம் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்போம். இது உண்மை.

வாங்குவது பற்றி. கருவி இல்லாவிட்டாலும் கேசட்டோ தட்டோ வாங்கினால் பெரும்பாலும் டவுன்லோடு குறியீடு உள்ளே இருக்கும். வேனுக்கு எண்ணெய் போடுவது அந்த மேசையில் விற்கும் பணத்தில்தான். சின்ன பேண்டுகள் இன்னும் கேசட் போடுவதற்குக் காரணம் பழைய ஞாபகம் மட்டும் இல்லை. தட்டு அச்சடிக்கும் ஆலைகள் நூறு, முந்நூறு என்று குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கும், மாதக்கணக்கில் காக்க வைக்கும். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பேனிங்கில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. தட்டு வெட்டத் தேவையான லாக்கர் வட்டுகளைச் செய்தவை உலகத்திலேயே இரண்டு இடம்தான், அதில் ஒன்று அது. அந்த நெருக்கடியில் முதலில் பின்னால் தள்ளப்பட்டது எங்களைப் போன்ற சின்ன ஆர்டர்கள். கேசட் என்றால் வேண்டிய அளவு வீட்டிலேயே பதிந்து, அட்டையை நாமே வெட்டி, சனிக்கிழமை ஷோவுக்குக் கொண்டு போய்விடலாம்.

#8 · பின்வரிசை

ட்ரம்ஸ்காரி சொன்னதற்கு மேல் புது_காதுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வேறு ஒரு விஷயம்: பேண்டைப் பின்தொடர்வது போலவே இடத்தையும் பின்தொடரலாம்.

கலிபோர்னியா, பெர்க்லியின் 924 கில்மன் என்ற பங்க் அரங்கம் 1986 டிசம்பர் 31 அன்று திறந்தது. மது கிடையாது, எல்லா வயதினரும் வரலாம், வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். மேக்சிமம் ராக்கன்ரோல் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய இடம். ஆப்பரேஷன் ஐவி அங்கே வளர்ந்தார்கள், 1989-ல் ஒரு ஆல்பத்தோடு முடித்துக்கொண்டார்கள். கிரீன் டே அங்கே வாசித்துப் பெரிய கம்பெனிக்குப் போனதும், பெரிய கம்பெனி பேண்டுகளுக்கு இடமில்லை என்ற விதி அவர்களுக்கும் பொருந்தியது. மறுபடி அங்கே முழு ஷோ வாசித்தது 2015-ல். அந்த விதியைப் பற்றி எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. பெரிய பேண்ட் ஒன்று எடுத்துக்கொள்ளும் சனிக்கிழமை, பெயர் தெரியாத நாலு பேண்டுகளுக்குப் போக வேண்டிய சனிக்கிழமை.

நியூயார்க்கில் ஏபிசி நோ ரியோ என்ற கலைக்கூடத்தின் பழைய கட்டடத்தில் சனிக்கிழமை மதிய ஷோ நடந்தது. இனவெறி, பெண் வெறுப்பு, தன்பாலின வெறுப்பு வரிகள் பாடும் பேண்டுகளுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஃபிலடெல்பியாவில் ஒரு யூனிடேரியன் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே எத்தனையோ வருடமாக ஷோ நடக்கிறது. இப்படி ஒரு இடத்தை நடத்துபவர்களின் ரசனை உங்களுக்கு ஒத்துப்போனால், நோட்டீஸில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமலே போகலாம். நான் அப்படிப் போன நாட்கள்தான் அதிகம்.

சில நோட்டீஸில் முகவரியே இருக்காது, 'ஒரு பங்க் ஆளிடம் கேள்' என்று மட்டும் இருக்கும். அது யாருடைய வீடோ என்பதால்தான் அப்படி. ஏற்கெனவே வந்த யாராவது ஒருவரைத் தெரிந்திருந்தால் போதும், சொல்லிவிடுவார்கள். அந்த முகவரியை நீங்கள் பொதுவில் போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் புகாரில் மூடப்பட்ட வீடுகள் ஏராளம்.

#9 · பழையபெட்டி

ஏழு_இன்ச் அண்ணன் மூலத் தட்டுகளைப் பற்றி எழுதியதோடு ஒரு இடத்தில் நான் முரண்படுகிறேன்.

முதல் அச்சுப் பிரதியைத் தெய்வமாக்குகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரு தொண்ணூறுகளின் ஏழு இன்ச் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். பத்து பேர் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டால் பதினோராவது ஆளுக்கு அந்தப் பாட்டு போய்ச் சேரவில்லை. மலிவாக, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று தொடங்கியதுதானே இந்த இசை?

சின்ன பேண்டுகளைப் பொறுத்தவரை கலைந்த பிறகு வரும் முழுத் தொகுப்புதான் மிகப் பெரிய உதவி. டெமோ, ஏழு இன்ச், ஸ்ப்ளிட், தொகுப்புகளுக்குக் கொடுத்த பாட்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கேப்'ன் ஜாஸை நாம் கேட்டதே அப்படித்தான் என்று முதல் பதிவிலேயே வந்துவிட்டது. கலிபோர்னியாவின் இண்டியன் சம்மர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம்தான் இருந்தார்கள். அவர்களின் பாட்டுகளை சிகாகோவின் நியூமரோ குரூப் மறுபடி வெளியிட்டதால்தான் எங்கள் வயதுக்காரர்கள் கேட்க முடிகிறது. மெதுவாகத் தொடங்கி, பேச்சுக் குரலாகப் போய், திடீரென்று உடைந்து கத்துகிற அந்த முறையை இன்று எத்தனையோ பேண்டுகள் செய்கிறார்கள். வேர் எங்கே என்று தெரிய அந்த மறுவெளியீடு வேண்டியிருந்தது.

அமெரிக்கன் ஃபுட்பாலும் அப்படியே. 1999-ல் ஆல்பம் வந்த சமயத்திலேயே பேண்ட் முடிந்துவிட்டது. 2014 மறுவெளியீட்டுக்குப் பிறகு அவர்கள் மறுபடி சேர்ந்து வாசிக்கும்போது பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் 1999-ல் குழந்தைகளாக இருந்திருப்பார்கள்.

#10 · ஏழு_இன்ச்

பழையபெட்டி, விலை பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வாங்கி அடுக்கி வைத்து விலை ஏறியதும் விற்பவர்களோடு எனக்கும் ஒட்டாது. யார் கேட்டாலும் என் தட்டுகளைப் பதிந்து கொடுக்கிறேன்.

ஆனால் தொகுப்பில் ஒன்று தொலைகிறது, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்த ஏழு இன்ச்சில் முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிகிறது, எழுந்து திருப்பிப் போட்டால் எது தொடங்குகிறது என்று பேண்ட் யோசித்துத்தான் வைத்திருக்கிறது. இருபத்தைந்து பாட்டை வரிசையாக அடுக்கினால் அந்த இடைவெளி போய்விடும். ஸ்ப்ளிட்டில் மறுபக்கத்தில் இருந்த பேண்டும் தொகுப்பில் காணாமல் போகும். அந்த பேண்டுக்குத் தொகுப்பு போட யாருமே இல்லாமல் இருக்கலாம். உள்தாளையும் அப்படியே படமெடுத்துச் சேர்க்கிற லேபிள்கள் இருக்கின்றன, அவர்களுக்கு என் நன்றி.

விலை ஏறாத தட்டுகள்தான் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். ஷோக்களில் மூலையில் யாராவது பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பல சின்ன லேபிள்களின் சரக்கு அதில் இருக்கும். கீழ் விலைப் பெட்டியில் பெயர் கேள்விப்படாத தட்டு எதையாவது எடுத்து, உட்கார்ந்திருப்பவரிடமே 'இது எப்படி' என்று கேளுங்கள். எல்லாவற்றையும் அவர் கேட்டிருப்பார், நேர்மையாகச் சொல்வார். பிடிக்காததைப் பிடிக்காது என்றும் சொல்வார்.

#11 · மழைக்குறிப்பு

கீறல்தட்டு சொன்ன முறையைச் செய்து பார்த்தேன். இங்கே எழுதியே ஆக வேண்டும்.

எனக்கு டெஃப்ஹெவன் பேண்டின் 2013 ஆல்பம் மிகவும் பிடிக்கும். பதிவு செய்தவர் ஜாக் ஷெர்லி என்று போட்டிருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் லோமா ப்ரியேட்டா வந்தது. சான் பிரான்சிஸ்கோ பேண்ட், மூச்சு விட நேரம் தராத வேகம், நடுவில் திடீரென்று அழகான ஒரு மெட்டு. அப்புறம் பார்த்தால் அவரே கோமாட்ரே என்ற பேண்டில் கிட்டார் வாசித்தவர். அது வேறு ரகம், கைதட்டிச் சேர்ந்து பாடலாம் போல இருக்கிறது. அங்கிருந்து ஜெஃப் ரோசன்ஸ்டாக்கின் 2016 ஆல்பம், அதுவும் இவர் பதிந்ததே. ஒரு மாலைப்பொழுது முழுக்க இப்படியே போய்விட்டது. இந்த நான்கையும் ஒரே பாணியின் கீழ் யாரும் அடுக்கமாட்டார்கள், எந்தச் செயலியும் எனக்கு ஒன்றாகக் காட்டியதில்லை. இடைவெளியே இல்லாமல் எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசிப்பது போன்ற அந்த ஒலிதான் நான்கையும் சேர்க்கிறது.

ஷோவுக்குப் போக முடியாத எங்களுக்கு இது பெரிய விஷயம். நன்றி.

#12 · புது_காது

போய்விட்டு வந்தேன்!

ட்ரம்ஸ்காரி அக்கா சொன்ன இடத்தில் நின்றேன், குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த பேண்ட் நன்றாகத்தான் வாசித்தார்கள், ஆனால் மனதில் நிற்பது இரண்டாவது பேண்ட். மூன்றே பேர், பேஸ் கிடையாது. ஒரு பாட்டின் நடுவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மைக்கை விட்டு இரண்டடி தள்ளி வந்து வெறும் குரலில் ஒரு வரியைப் பாடினார்கள். அறையே அடங்கிப்போய் நின்றது. அப்புறம் ட்ரம்ஸ் மறுபடி விழுந்தபோது முன்னால் இருந்த எல்லோரும் ஒன்றாகக் குதித்தார்கள், நானும்தான்.

அவர்களின் கேசட் வாங்கினேன். அட்டை உள்ளே நன்றி சொல்லி ஐந்து பேண்ட் பெயர். பின்வரிசை அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். அந்த ஐந்தில் ஒன்றைக் காட்டி 'முதலில் இவர்களைக் கேளுங்கள், மே மாதத்தோடு நிறுத்தப் போகிறார்கள்' என்றார்கள்.

ஒரு கேள்வி. அந்த பேண்டின் பாட்டு எங்கேயும் ஏற்றப்படவில்லை. ஒரு டெமோ கேசட் மட்டும் இருக்கிறதாம், அதுவும் தீர்ந்துவிட்டது. என்ன செய்வது?

#13 · ட்ரம்ஸ்காரி

அவர்களுக்கே எழுது தம்பி. கேசட்டில் மின்னஞ்சல் இல்லாவிட்டால், உனக்குப் பெயர் சொன்னவர்களிடம் கேட்டு வாங்கு. தீர்ந்துபோன டெமோவின் கோப்புகள் பேண்டில் யாராவது ஒருவருடைய கணினியில் கட்டாயம் இருக்கும். யாரும் கேட்காததால் அங்கேயே கிடக்கும். இரண்டு வரி போதும்: யார் சொல்லித் தெரிந்தது, கேட்க ஆசை என்று. பணம் அனுப்பலாமா என்றும் கேள்.

மே மாதத்துக்குள் அவர்கள் கடைசி ஷோ எங்கே என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடு. போக முடிகிற தூரம் என்றால் போ. ஷோவைப் பதிவு செய்ய அனுமதி கேட்டு, கையில் இருக்கிற எதில் முடிகிறதோ அதில் பதிந்து, கோப்பை பேண்டுக்கே அனுப்பிவிடு. போனை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடிக்காதே, உடைந்து கேட்கும். நான் சொன்ன அதே நடு இடத்தில், நெஞ்சு உயரத்தில், கையால் மூடாமல் வைத்துக்கொள்.